மணல் போட்டவனின் தம்பி

ஆய்க்குடிக்காரர்கள் தோற்பதில் பெயர் வாங்கியிருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் கட்டி, வெளியூர்ப் பெரிய மனிதர்கள் குளிக்க வந்து இறங்கியதும், தென்காசிக்குப் போகிற பாதையில் இருந்த மருதமரத் திடலில் சடுகுடுப் போட்டி நடக்கும். நான்கு வருஷமாக ஆய்க்குடி கடைசி ஆட்டம் வரை போனது. நான்கு வருஷமும் பண்பொழியிடம் தோற்றது.

தோற்றதோடு முடிந்துவிடாது. கடைசி ஆட்டத்தில் தோற்ற ஊர்தான் மறு வருஷம் களம் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜெயித்தவர்கள் கையை வீசிக்கொண்டு வந்து ஆடலாம். தோற்றவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக முன்கூட்டியே வந்துவிட வேண்டும். திடல் முழுக்கக் களிமண். சாரல் விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். மேல்மண்ணைச் செதுக்கி எடுத்து, சிற்றாற்று மணலைச் சலித்துப் பரப்பினால்தான் கால் நிற்கும். சுண்ணாம்பால் கோடு போட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதால் கயிற்றைத்தான் மண்ணில் பதித்து முளை அடிப்பார்கள்.

ஆய்க்குடி களம் போட வேண்டும் என்றால் தங்கசாமி போட வேண்டும் என்று அர்த்தம். மற்றவர்கள் முதல் நாள் வருவார்கள். "போதும் அண்ணாச்சி, நாம என்ன கோயிலா கெட்டுதோம்?" என்று கேட்டுவிட்டு மறுநாள் காணாமல் போவார்கள். தங்கசாமிக்கு அப்படி விட முடியாது. சலித்த மணலை உள்ளங்கையில் அள்ளி விரலால் கிளறிப் பார்ப்பார். ஒரு சின்னக் கல் அகப்பட்டாலும் அந்தக் கூடையை மறுபடி சல்லடையில் கொட்டுவார். அவர் மனைவி மாடத்திக்கு இது பிடிக்காது.

"ஊராருக்கு மணல் சலிச்சுக் கொட்டுதிய. நம்ம முத்தத்துல தண்ணி கெட்டிக் கெடக்கு. அத யாரு பாக்கது?"

"ஊராருக்கில்லட்டி. அவன்லா ஆடுதான்."

அவன் என்றால் தம்பி சங்கிலிப்பாண்டி. நெட்டை, ஒல்லி, முழங்கால் தொடும் கைகள். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் நுழைந்தான் என்றால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவனுக்கு முட்டாது. ஆட்டம் இல்லாத நாளில் தென்காசி மரக்கடையில் பெரிய மரத்தடிகளைத் தூக்கினான். பொழுது சாய்ந்து அவன் வீடு திரும்பும்போது தோள்பட்டையில் தோல் உரிந்திருக்கும். தங்கசாமி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சாரலில் ஒரு புதுச் செய்தி வந்தது. போட்டியை நடத்திய ஓய்வு பெற்ற டிப்டி கலெக்டர், ஜெயிக்கிற ஊருக்கு எப்போதும்போலக் கோப்பை கொடுப்பதோடு, போட்டி முழுவதிலும் அதிக ஆளைத் தொட்டு வெளியேற்றியவனுக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் தருவதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். பதக்கம் வாங்குகிறவனைத் தானே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் போலீஸில் சேர்த்துவிடுவாராம்.

தங்கசாமி அன்றிலிருந்து கோப்பையை மறந்துவிட்டார். மணலை மட்டும் மறக்கவில்லை. அந்த வருஷம் ஆற்றில் இன்னும் மேலே போய், நல்ல பருமணலாக வண்டியில் ஏற்றி வந்தார்.

கடைசி ஆட்டம் வழக்கம்போல் பண்பொழியோடுதான். மணி அடிக்கும்போது எந்தப் பக்கம் அதிகம் பேர் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. சமமாக நின்றால் போன வருஷம் ஜெயித்தவர்களிடமே அது இருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேர் நின்றார்கள். பதக்கக் கணக்கும் அப்படியே இழுபறி. சங்கிலிப்பாண்டியும் பண்பொழி சுடலையாண்டியும் தொட்ட ஆட்கள் ஒரே எண்ணிக்கை.

சுடலையாண்டி பாடிக்கொண்டு வந்தான். சும்மா வந்துவிட்டுத் திரும்பியிருந்தால் பண்பொழிக்குக் கோப்பை ஏறக்குறைய உறுதி. அவன் ஊர்க்காரர்கள், "திரும்புலே, திரும்புலே" என்று கத்தினார்கள். அவன் கண் அங்கே இல்லை. ஒரே ஒரு ஆளைத் தொட்டுவிட எட்டிப் பாய்ந்தான். ஆய்க்குடித் தலைவன் பிச்சைமணி அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டான். பண்பொழியில் இனி மூன்று பேர்.

கடைசி முறை சங்கிலிப்பாண்டியுடையது. எதிர்க் களத்து உள்கோட்டைத் தாண்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் போதும், கோப்பை ஆய்க்குடிக்கு. ஒருவனைத் தொட்டுத் திரும்பினால் கோப்பையோடு பதக்கமும் கிடைக்கும். பிடிபட்டால் இரண்டும் போகும்.

"லே சங்கிலி, சும்மா பாடிட்டு வா. உள்கோட்டத் தாண்டிட்டுத் திரும்பு. ஒருத்தனயும் தொட வேண்டாம்" என்றான் பிச்சைமணி.

கயிற்றுக்கு வெளியே நின்ற தங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "தொட்டுட்டு வாலே! ஒரே ஒரு ஆளு!"

"அண்ணாச்சி, செத்த வாய மூடிட்டு நில்லுங்க!" என்று பிச்சைமணி சீறினான்.

சங்கிலிப்பாண்டி இரண்டு பேரையும் பார்த்தான். மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினான். உள்கோட்டைத் தாண்டினான். மூன்று பேரும் பின்வாங்கினார்கள். மருதமரத்துப் பக்கத்து மூலையில் நின்ற மாடன் என்பவன் கால் இடறி முழங்காலில் விழுந்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். திடலே எழுந்து கத்தியது. சங்கிலிப்பாண்டியின் கை நீண்டது. தங்கசாமி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதி வழியில் நின்றது. பிறகு மடங்கியது. அவன் பாடிக்கொண்டே பின்னால் வந்து நடுக்கோட்டை மிதித்தான். மணி அடித்தது.

பிச்சைமணி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். பதக்கம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது டிப்டி கலெக்டர் சிரித்தார். "இரண்டு பேரும் சமம். கோப்பை இவர்களுக்குப் போகிறது, பதக்கமாவது அவர்களுக்கு இருக்கட்டுமே" என்று சுடலையாண்டியின் பனியனில் குத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் தட்டினார். வேலை அவ்வளவு சுலபமாக இடம் மாறியது.

ஊருக்குத் திரும்பும்போது கோப்பையோடு மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனும் தம்பியும் நனைந்துகொண்டே பின்னால் நடந்தார்கள்.

"விழுந்து கெடந்தவன ஏம்ல தொடல?"

"நடிச்சாம்ணே."

"வழுக்கி விழுந்தான். நான் கண்ணால பாத்தேன்."

"அங்கன எப்டிண்ணே வழுக்கும்? நீ போட்ட மணல்லா. இத்தன வருசம் ஆடுதேன், ஒருக்காவது எனக்குக் கால் சறுக்கிருக்கா? குனிஞ்சேன்னு வையி, மத்த ரெண்டு பேரும் மேல விழுந்து அமுக்கிருப்பான்வ. கோப்ப போயிருக்கும்."

"பதக்கம் போச்சேலே."

"போச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னான்: "அது எனக்கு மட்டும் போச்சு. கோப்ப போயிருந்தா வார வருசமும் நீதான மண்வெட்டியத் தூக்கணும்."

தங்கசாமிக்குக் கோபப்படத் தெம்பில்லை. இப்படி ஒருத்தன் தன் கூடப் பிறந்திருக்கிறான் என்ற நினைப்பு மட்டும் நெஞ்சில் வந்து நின்றது. அது சந்தோஷமா பாரமா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறு வருஷம் போட்டி நடக்கவில்லை. யுத்தம் வந்துவிட்டது. பண்பொழிக்காரர்கள் குனிந்து மணல் சலிப்பதைப் பார்க்க வேண்டும் என்று தங்கசாமிக்கு ஓர் ஆசை இருந்தது, அதுவும் தள்ளிப்போயிற்று. திரும்பக் கேட்க ஆள் இல்லாததால் கோப்பை பிச்சைமணி வீட்டிலேயே தங்கிவிட்டது. முலாம் போய்ப் பித்தளை தெரிய ஆரம்பித்ததும் அவன் மனைவி அதில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மரக்கடையில் ஒரு நாள் அடுக்கு சரிந்து ஒரு தடி சங்கிலிப்பாண்டியின் வலது தோளில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கை தலைக்கு மேலே எழும்பவில்லை. தடிகளுக்குக் காவல் இருக்கிற வேலையில் வைத்துக்கொண்டார்கள். காப்பிக் கடையில் இளவட்டங்கள் அவனை விடமாட்டார்கள். "அண்ணே, கோப்பையா பதக்கமா? இப்பச் சொல்லுங்க, எது பெருசு?" என்று வம்புக்கு இழுப்பார்கள். "காப்பி ஆறுது, குடிங்கடே" என்பான். மாடத்தி மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, சாரல் கட்டும்போது, யாரையும் பார்க்காமல் சொல்லுவாள்: "அது கெடச்சிருந்தா கொழுந்தனாரு இன்னைக்குச் சர்க்கார் உடுப்புல இருந்திருப்பாவ."

யுத்தம் முடிந்த மறு வருஷம், வேறு யாரோ பெரிய மனிதர் முன்னின்று போட்டியை மறுபடி தொடங்கினார். தங்கசாமி தம்பியையும் கூட்டிக்கொண்டு திடலைப் பார்க்கப் போனார். பண்பொழிக்காரர்கள் களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இளவட்டங்கள். அவர்கள் நடுவே தொப்பை விழுந்த ஓர் ஆள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மணல் சலித்தான். நிமிர்ந்தபோதுதான் சுடலையாண்டி என்று தெரிந்தது.

"என்ன ஏட்டய்யா, மண்ணு சொமக்கீரு?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"ஏட்டும் ஆகல, ஒண்ணும் ஆகல. இன்னும் கான்ஸ்டேபிள்தான். எண்ண தேச்சுக் குளிக்க வாரவன அருவிக்கரையில வரிசையில நிறுத்துதேன், அதான் உத்தியோகம். லீவு போட்டுட்டு வந்தேன்."

"நீரு எதுக்கு? பயலுக இருக்கான்வள்லா."

"இவன்வளா தோத்தான்வ? தோத்தது நான்." சுடலையாண்டி சல்லடையைத் தட்டினான். "அன்னைக்குச் சும்மா திரும்பிருந்தா ஜெயிச்சிருப்போம். பதக்கத்தக் குத்திக்கிட்டு நிக்கேன், எங்க ஆளுக ஒருத்தன் கூட எனக்காவ நிக்கல. பண்பொழி வரைக்கும் தனியா நடந்தேன். உடுப்பு போட்ட பெறவும் ஊருக்குள்ள போனா அந்தப் பேச்சுதான். பதக்கம் பொண்டாட்டி பெட்டியில எங்கனயோ கெடக்கு."

தூறல் வலுத்தது.

"ஆனா நீரு பெரிய மனசுக்காரர்வே" என்றான் சுடலையாண்டி. "மாடன் கால் பெரண்டு கெடக்கான், கையெட்டுற தூரம். தொடாமப் போனீரே."

சங்கிலிப்பாண்டி திரும்பினான். "பெரண்டுச்சா? அது நடிப்புல்லா?"

"என்ன நடிப்பு? மாசக் கணக்குல நொண்டிட்டு அலைஞ்சான். நெசமாவே வழுக்கிட்டு."

தங்கசாமி மருதமரத்தைப் பார்த்தார். சாரலில் கிளைகள் குளித்துக்கொண்டிருந்தன. இலைகளில் சேர்ந்த தண்ணீர் தூறலைவிடப் பெரிய சொட்டுகளாக அந்த மூலையில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் மணல் அரித்து, அடியில் களிமண் பளபளத்தது. அன்றைக்கும் இப்படித்தான் சொட்டியிருக்கும்.

"அண்ணே," என்றான் சங்கிலிப்பாண்டி, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு. "போலீஸ்காரன் சொல்லுதத நம்பாத. அங்கன வழுக்காது."

"வழுக்கிருக்குலே."

"வழுக்கட்டும். அன்னைக்கு அது எனக்குத் தெரியாதுல்லா. இப்பப் போகச் சொன்னாலும் சும்மாதான் திரும்பி வருவேன்."

தங்கசாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். சுடலையாண்டி சலித்துக் குவித்திருந்த மணலில் ஒரு பிடி அள்ளி விரலால் கிளறினார். கல் தட்டுப்பட்டது.

"கொண்டா இங்க" என்று சல்லடையை வாங்கினார்.

"அண்ணாச்சி, இது எங்க வேல. தோத்தது நாங்க."

"சரி, வெலகு."

சலித்த மணலைக் கூடையில் நிரப்பினார். முதுகு முன்போல் வளையவில்லை. கூடையைத் தூக்கப் போனபோது மறுபக்க விளிம்பில் தம்பியின் இடது கை வந்து பிடித்தது. இரண்டு பேருமாக அதை மருதமரத்து மூலைக்குக் கொண்டு போய்க் கொட்டினார்கள். தங்கசாமி காலால் மிதித்துப் பார்த்தார். போதவில்லை. இன்னொரு கூடைக்குத் திரும்பினார்கள்.