இரண்டடித் தண்ணீர்

மொன்றியல் பழைய துறைமுகத்துக் கண்காட்சியில், நூறு வருடத்துக்கு முந்தைய ஆற்றுப் போர்க்கப்பலின் மாதிரியொன்று கண்ணாடிக்குள் இருந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இதின்ர அடி தட்டையா இருக்கு."

அப்பாவின் கையில் மணக்கும் மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. திருகோணமலையில் அவர் கப்பல் பட்டறைப் பெயின்ற்காரர். கப்பல் எத்தனையடி தண்ணீரில் அமிழும் என்ற எண்களை அதன் முகப்பில் எழுதுவார். பின்னேரம் கிணற்றடியில் மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் தேய்ப்பார். கப்பல்களின் பெயரைச் சொல்லமாட்டார். "இண்டைக்கு ஆறடி வந்தது" என்பார்.

கடலிலிருந்து கரையைச் சுடத் தொடங்கிய அன்று, சனமெல்லாம் ரோட்டால் ஓடியது. அப்பா எங்களைக் களப்பின் ஆழமில்லாத தண்ணீருக்குள், கண்டல் மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். தண்ணீர் அம்மாவின் இடுப்பளவு. தம்பி அம்மாவின் தோளில் இருந்தான்.

"பயப்பிடாதையுங்கோ. நான் நம்பர் எழுதின ஒண்டும் இஞ்சை வராது."

அவர் நம்பர் எழுதாத படகொன்று வந்து சுட்டது. அம்மாவையும் தம்பியையும் அந்தத் தண்ணீரிலிருந்துதான் தூக்கினோம். அதன்பிறகு அப்பா தூரிகை தொடவில்லை.

"அம்மப்பாவைக் கூட்டிவந்து காட்டுவமா? அவர் கப்பலுக்குப் பெயின்ற் அடிச்சவர்தானே?" என்றாள் மகள்.

"வேண்டாம்" என்றேன்.

கண்ணாடிக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்தது: இது ஓட இரண்டடித் தண்ணீர் போதும்.