மேஷ்ட்ரு விடாத அகராதி

எல்லைத் தகராறு முற்றியிருந்த ஐம்பதுகளின் நடுவில் ஓசூர்க் கிளை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. ஓசூர் தமிழ் ராஜ்யத்தோடு சேருமா கன்னட ராஜ்யத்தோடு சேருமா என்று டீக்கடையில் பேச்சு தொடங்கினால் கைகலப்பில்தான் முடியும். அந்த நேரத்தில்தான் பார்வை நூல்களுக்கென்று தனியாக ஓர் அலமாரி வைக்க எங்களுக்கு உத்தரவு வந்தது. அகராதி, நிலப்படம், கலைக்களஞ்சியம் என்று, வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே உட்கார்ந்து புரட்ட வேண்டிய புத்தகங்கள். இடம் கொஞ்சம்தான். பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

பொறுக்க எனக்குத் துணையாக ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை நியமித்திருந்தார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஊரே அவரை மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடும். புத்தகக் கடைகள் அனுப்பிய மாதிரிப் பிரதிகளை அவர் சோதிப்பதைப் பார்த்தால் சந்தையில் மாடு பிடிக்கிறவர் நினைவு வரும். அட்டையின் அழகைப் பார்க்க மாட்டார். முதுகுத் தையலை விரலால் நெம்பிப் பார்ப்பார். அச்சிட்ட வருஷத்தைப் பார்ப்பார். பிறகு எங்கள் பக்கத்துச் சொற்கள் சிலவற்றைத் தேடுவார்.

நிலப் பத்திரத்தோடு வருகிற குடியானவர்கள் எங்களிடம் அதிகம் கேட்டது, இந்தத் தமிழ்ச் சொல்லுக்குக் கன்னடத்தில் என்ன என்பதுதான். ஆகவே தமிழ் கன்னட அகராதி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். அதற்கான மாதிரிப் பிரதி மேசைமேல் கிடந்தது.

கன்னட அகராதி வாங்கப்போகிறோம் என்பது வெளியே எப்படியோ பரவிவிட்டது. பெங்களூர்ப் பக்கம் தமிழ்ப் பலகைகளை உடைக்கிறார்கள் என்று ஒரு வதந்தியும் கூடவே வந்தது. சந்தை நாள் பிற்பகலில் பத்துப் பன்னிரண்டு பேர் மாட்டுவண்டி ஓரத்தில் செருகுகிற முளைக்குச்சிகளை உருவிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் அடுத்த கடைத் தையற்காரர். தினமும் எங்களிடம் பேப்பர் படிக்கிறவர். இத்தனைக்கும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"கன்னட புஸ்தகம் எங்கடா?" என்றார் என்னிடம். அதுவரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டவர்.

நான் பதில் சொல்வதற்குள் நிலப்படத்தைக் கிழித்தார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. மேஷ்ட்ரு அந்த அகராதியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மேஷ்ட்ரே, கீழே போடுங்க. உங்கமேல எங்களுக்குக் கோவம் இல்லை" என்றார் தையற்காரர்.

"போட மாட்டேன். போங்கப்பா வெளியே."

முளைக்குச்சி அவர் மணிக்கட்டில் இறங்கியது. பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி எலும்பு முறிகிற சத்தம். அவர் விடவில்லை. இன்னொன்று தோளில். கீழே விழுந்தவரை உதைத்தார்கள். அவர் புத்தகத்தின்மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தார். காதோரம் ரத்தம் வழிந்து அட்டைக்குள் இறங்கியது. கைக்கு அகப்பட்ட கலைக்களஞ்சியத் தொகுதியை எடுத்துத் தையற்காரர் முகத்தில் அறைந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தமும் பல்லும். மறுபடி ஓங்கினேன். யாரோ பின்னாலிருந்து என் மண்டையில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் விழித்தேன். போலீஸ் கேட்டபோது தெரிந்த முகங்களையெல்லாம் சொன்னேன். தையற்காரரும் இன்னும் சிலரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

புத்தகத் தேர்வை முடிக்க மறுபடி உட்கார்ந்தபோது மேஷ்ட்ருவின் கை மாவுக்கட்டில் தொங்கியது. நான் முதலில் அந்த அகராதியின் பெயரைத்தான் எழுதினேன். அவர் மறுத்துத் தலையாட்டினார்.

"அது வேண்டாம்."

"பயந்துட்டீங்களா?"

"அது மட்டமான புஸ்தகம். 'கவலை' பாருங்க. மனக்கவலை மட்டும்தான் போட்டிருக்கான். மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலை எங்கே? இங்கே வர்ற குடியானவனுக்கு இது எதுக்கு?"

"சண்டைக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்குக் காலையிலேயே பார்த்துட்டேன்."

எனக்கு அவரையே அடிக்கலாம் போலிருந்தது. "இதுக்கா கையை ஒடிச்சுக்கிட்டீங்க?" என்று கத்தினேன்.

"நாம பார்த்து வேண்டாம்னு சொல்றது வேற. அவனுங்க வந்து பிடுங்கிட்டுப் போறது வேற" என்றார். "அடி வாங்கினதுக்காக ஒரு மோசமான புஸ்தகத்தை அலமாரியில வைக்க முடியாது."

அவர் விசாரித்துச் சொன்ன வேறொரு அகராதியைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். அச்சு பொடி, தாள் மட்டம். ஆனால் தண்ணீர் இறைக்கிற கவலை இருந்தது, அதற்கான கன்னடச் சொல் கபிலெ இருந்தது, கேழ்வரகின் வகைகள்கூட இருந்தன. எல்லையும் ஒருவழியாக முடிவாகி ஓசூர் தமிழ்ப் பக்கமே நின்றது. பத்திரத்தோடு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

மேஷ்ட்ருவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. பக்கம் புரட்ட இடது கையைப் பழக்கிக்கொண்டார். ஜெயிலிலிருந்து வந்த தையற்காரர் சில மாதம் கழித்துப் பேப்பர் படிக்க வந்தார். முன்பற்கள் இல்லை. மேஷ்ட்ரு பேப்பரின் உள்தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். இருவரும் ஒரே மேசையில் படித்தார்கள். நான் மட்டும், மாற்றலாகிப் போகும்வரை, தையற்காரர் நூலகத்தில் இருக்கும் நேரத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை.