காசுச் சத்தம் நின்ற பானை

என் மனைவி ஒத்திலியா தமாலே விற்றவள். சோளமாவுக்குள் பன்றிக்கறி வைத்து, சோள மட்டையில் மடித்து அவிக்கிற பண்டம். டெக்சாஸ் எல்லையோரம் எங்கள் காலனியில் இருபத்திரண்டு வருடம் விற்றாள். யாருக்கு எத்தனை டஜன், யாருக்குக் காரம் ஆகாது, எல்லாம் மனப்பாடம். அவிக்கிற பானையின் அடியில் ஒரு காசு போடுவாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஊர்க்கதை பேசினாலும் அவள் காது அங்கேதான் இருக்கும்.

அவளுக்குச் சர்க்கரை ஏறியபோது கிளினிக்கில் இன்சுலின் எழுதிக்கொடுத்தார்கள். நான்தான் குதித்தேன்.

"என் அக்கா சொக்கோரோ ஊசி போட ஆரம்பிச்ச வருஷமே கண்ணு போச்சு. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல ஊசி கிடையாது!"

"டாக்டரவிட நீ பெரிய ஆளாய்யா, கிழவா?" என்று சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டாள். தினமும் சப்பாத்திக்கள்ளிச் சாறு அரைத்துக் கொடுத்தேன். பெரிய வைத்தியன் என்று நினைப்பு எனக்கு. அக்காவின் கண்ணைத் தின்றது சர்க்கரை, ஊசி இல்லை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். ஒத்திலியா தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

ஏழு வருடம் ஓடியது. முதலில் டஜன் கணக்கு தப்பியது. "யார நெனச்சுக்கிட்டு எண்ணுற?" என்று கேலி செய்தேன், படுபாவி. போன மாதம் எலுமிச்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் புகை. பானை கருகிக்கொண்டிருந்தது. ஒத்திலியா அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் நின்னுச்சு கிழவா. நின்னா என்ன செய்யணும்னுதான் தெரியல."

கிளினிக்கில் டாக்டரம்மா மூளைப் படத்தைக் காட்டினார். பல வருடச் சர்க்கரை உள்ளே இருக்கும் பொடி ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிட்டதாம். போனது திரும்பாது, இனியாவது ஊசி போட்டால் மிச்சத்தைக் கொஞ்ச நாள் காக்கலாம் என்றார். பிறகு கேட்டார்.

"அப்பவே எழுதிக் குடுத்தோமே. யாரு வேண்டாம்னது?"



"நான்தான்" என்றாள் ஒத்திலியா. "ஊசின்னா எனக்குப் பயம். இவரு எவ்வளவோ கெஞ்சினாரு, நான்தான் கேக்கல."

மறந்து சொன்னாளா, என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. டாக்டரம்மா அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.