மகளின் இரண்டு ராப் பாட்டுகள்

மறுநாள் கல்லூரிப் போட்டியில் எதைப் பாடுவது என்று மகளுக்குக் குழப்பம். வீட்டில் இரண்டு ராப்பையும் பாடிக் காட்டினாள். முதல் பாட்டு ஒரே வேகம். இரண்டாவது, வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தைப் பற்றியது, நிதானமானது.

“வேகமா பாடுறவங்கதான்க்கா கில்லாடி,” என்றான் மகன்.

“போடா, புரியாம பாடுனா மிக்சி ஓடுற மாதிரிதான் இருக்கும். அப்பா, நீங்க சொல்லுங்க.”

வீட்டுக்குள்கூட நான் அதிகம் கருத்துச் சொல்வதில்லை. ராப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் பாடியபோது, உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டாவது பாட்டுக்கு உங்கம்மா முறத்தக் கீழ வச்சிட்டா,” என்றேன்.

“கை வலிச்சுது, வச்சேன். இவருக்கு வேற வேலையில்ல,” என்றாள் மனைவி. பிறகு மகளிடம், “அந்தத் தண்ணி வராத பாட்ட இன்னொருவாட்டி பாடு,” என்றாள்.

மறுநாள் மேடையிலும் மகள் அதையே பாடினாள்.