அடிக்கட்டைக்கு என்ன விலை?

உலகத்தில் கோணல் என்று ஒன்று இருக்கலாம். ஆனால் அது ரசமட்டத்தின் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்ற மனிதர் அவர். ஐந்நூறு தாளை அடுக்கி, தட்டி, ஓரம் பார்த்துக் கத்தியை இறக்கினால் மயிரிழை பிசகாது. அங்கேதான் அவருக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரைச் சூட்டினார்கள். ஓய்வு பெற்று வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

குளிக்கும் சோப்பு நாலு பக்கமும் சமமாகத் தேய வேண்டும். போர்வை கட்டிலின் இருபுறமும் ஒரே அளவு தொங்க வேண்டும். இப்படிப்பட்டவரோடு முப்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்திய அம்மாளுக்கு ஒரு பதக்கமே குத்தலாம். குத்தினால், அது சாய்ந்திருக்கிறது என்று இவர் வந்து சரிசெய்வார். அந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவர், வட்டியோடு திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவர்.

வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு பாதாம் மரம் இருந்தது. கம்பியில் உரசுகிறது என்று மின்சார ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்தார்கள். நடுமரத்தை நெஞ்சு உயரத்துக்கு வெட்டி, மொட்டையாக விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். ரசமட்டத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாரம் அறுத்து, மரத்தைத் தரையோடு தரையாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தார். அது உருளவில்லை. பார்க்க வாருங்கள் என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டார். வந்தவர்களும் பாவம், பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிற்று. சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து ஓடியது. கட்டை ஒரு சாண் உயரத்துக்கு மேலே வந்துவிட்டது. வேர்கள் முற்றம் முழுக்கப் புடைத்துக்கொண்டு கிடந்தன. ஆனாலும் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டார்கள்.

பிறகு அம்மாளுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மூன்று மாதம் மேடு பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, வண்டி வாசல் வரைக்கும் வர வேண்டும் என்று.

"அப்போ நம்ம வீடு சரிப்படாது. அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க படி வரைக்கும் கார் வரும்" என்றார் அம்மாள், ஏதோ பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறவர் போல.

அக்கா வீடு ஆறு மணி நேரப் பயணம். ரசமட்டம் தலையை மட்டும் ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தனியாகப் படுத்தது விரல் விட்டு எண்ணும் ராத்திரிகள்தான். மூன்று மாதம் அவள் திட்டு காதில் விழாமல் இருந்தால் தனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று பயந்தார். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. போகாதே என்று சொன்னால், 'அந்தக் கட்டை மேல தூக்கி வெச்சு எனக்குப் பணிவிடை செய்வீங்களா?' என்பாள். அவள் கேட்பதும் நியாயம்தான்.

தானே எடுத்துவிடலாம் என்று கோடாலியோடு இறங்கினார். நாலு நாளில் கோடாலிக் காம்பு உடைந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டையில் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தது. ஐந்தாம் நாள், வீம்பை வீட்டில் வைத்துவிட்டு வேரக்காவைத் தேடிப் போனார்.

அடிக்கட்டை எடுப்பதே வேரக்காவுக்குத் தொழில். கூடவே இரண்டு ஆட்கள், ஒரு சங்கிலிக் கப்பி, ஒரு நீளமான இரும்புக் கம்பி. அவர்கள் வந்த நேரத்தில் அம்மாள் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரி போயிருந்தார். வந்ததும் வேரக்கா கட்டையைப் பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றி மண்ணில்தான் கம்பியைக் குத்திப் பார்த்தார். எங்கே 'டொக்' என்றதோ அங்கே காலால் ஒரு கோடு. கோடுகளெல்லாம் வீட்டுச் சுவரை நோக்கிப் போயின. கடைசியில்தான் கட்டைப் பக்கம் திரும்பினார்.

"இதை யாருண்ணே இப்படி வெட்டினது?"

"நான்தாம்மா" என்றார் ரசமட்டம். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்."

வேரக்கா அந்தக் கட்டை மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ அண்ணே! நெஞ்சு உயரத்துக்கு மரம் நின்னா, உச்சியில சங்கிலியைக் கட்டி ஒரே இழுப்பு. தன் பாரத்துலயே வேரைப் பிடுங்கிட்டுச் சாஞ்சிடும். நாலாயிரத்துல முடிஞ்சிருக்கும். நீங்க வாளியோட கைப்பிடியை அறுத்துட்டுத் தண்ணி இறைக்கச் சொல்றீங்க. இனிமே இதைப் பிளந்து பிளந்துதான் எடுக்கணும். பன்னெண்டாயிரம் ஆகும். குழியை மூடி, ஜல்லி போட்டு இறுக்கறது தனி. அதுக்கு மூணு."

ரசமட்டத்துக்குக் காது சூடாகிவிட்டது. கோணலாக வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நேராக வெட்டியதற்கா தண்டம்?

பேரம் பேசுவதில் அவர் மன்னன். இனாமாகக் கொடுத்தால் 'ரெண்டாக் குடு' என்று கேட்கிற ரகம். வழக்கம்போல 'அதெல்லாம் முடியாதும்மா' என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆறு நாள்ல முடியுமா?"

"முடியும். அவசரமா?"

"என் சம்சாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரணும். இங்க வரணும். வேற எங்கயும் போகக் கூடாது."

வேரக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்துடறோம். நீங்க பேரம் பேசற ஆளுன்னு தெருவுல சொன்னாங்களே?"

"இன்னைக்குப் பேசல" என்றார் அவர்.

மறுநாள் விடியற்காலையிலேயே அம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அக்கா வந்துவிட்டார். ரசமட்டம் காலையில் குழியருகே, மாலையில் கட்டிலருகே. வீட்டில் நடப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. முடியாமல் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்ட வெட்ட வேர் வந்துகொண்டே இருந்தது. ஒன்று சுவருக்கு அடியிலேயே போயிருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் கடைசித் துண்டு சங்கிலியில் தொங்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவர் வேரக்காவின் ஆட்களுக்குக் கைகொடுத்தார். கைகொடுத்த சூட்டோடு, தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆறாம் நாள் குழி நிறைந்து, ஜல்லி இறுகியது. மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

வண்டியில் அம்மாள், அவர் அக்கா, பின்னால் மூன்று மாதத் துணி அடைத்த ஒரு பெரிய பை. நேரே அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"போற வழியில வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்" என்றார் ரசமட்டம். கேட்டருகே வந்ததும் டிரைவரிடம், "உள்ள விடுங்க தம்பி" என்றார்.

வண்டி உள்ளே போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை. முதல் படியை ஒட்டி நின்றது. அம்மாள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார், பின்னால் திரும்பிக் கேட்டைப் பார்த்தார், அப்புறம் புருஷனைப் பார்த்தார்.

"எவ்வளவு ஆச்சு?"

"பதினஞ்சாயிரம். நான் மட்டமா வெட்டாம விட்டிருந்தா எட்டாயிரம் மிச்சமாயிருக்கும்." உண்மையைச் சொல்லிவிட்டுத் திட்டுக்குத் தயாராக நின்றார்.

திட்டு வரவில்லை. "அவங்க கேட்டது எவ்வளவு?"

"பதினஞ்சு."

"நீங்க குடுத்தது?"

"அதான் சொல்றேனே, பதினஞ்சு."

அம்மாள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அக்கா, அந்தப் பையை இறக்கி உள்ள வை. நான் எங்கயும் வரல."