பெட்ரோல் வாசனை போன வீடு

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யார் பைக்கில் பெட்ரோல் அடைத்துக்கொண்டாலும் சகாயராஜ் அண்ணன் வீட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு போவோம். தனியாகக் கடையெல்லாம் கிடையாது, முன்னறைதான் கடை. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப்போடுவார். அதற்குள் பெட்ரோல் வரும் ஜெட்டின் பொடித் துளையை வாயால் ஊதி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஒழுகுகிற பெட்ரோல் டேப்புக்குப் புது வாஷர் போடுவார். சின்னச் சாமான்கள் உருண்டு ஓடாமலிருக்க டீ வடிகட்டியில் போட்டு அலசுவார். அது அவர் மனைவி ஜெசிந்தா அக்காவின் வடிகட்டி. அக்கா திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்குவார், அதுவும் பெட்ரோலுக்குப் போய்விடும்.

பிறகு அக்காவுக்கு வீசிங் வந்தது. பெட்ரோல் காற்று ஆகவே ஆகாது என்றார் டாக்டர். விழுப்புரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார் அக்கா. வாசனை போனதும் கூப்பிடுவது, அக்கா திரும்பி வந்துவிடுவது என்று பேச்சு.

மனிதர் அன்றோடு வேலையை விட்டார். டப்பாக்களைத் தூக்கிப் போட்டார், சோப்புத்தூள் கொட்டித் தரையைத் தேய்த்தார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வேலை நின்றதும் ஆட்கள் வருவதும் நின்றுபோனது. எங்கள் தெரு லட்சணம் அதுதான், காரியமில்லாமல் ஒருவன் எட்டிப் பார்க்க மாட்டான். நினைத்தால் எரிச்சலாக வருகிறது. மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார் அண்ணன்.

ஆனாலும் அக்காவைக் கூப்பிடவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருஷக்கணக்காகப் பெட்ரோலிலேயே கிடந்த மூக்குக்கு, வாசனை இருக்கிறதா போய்விட்டதா என்பது தெரியவில்லை. தெரியாமல் கூப்பிட்டு, அக்காவுக்கு மறுபடி மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"நானும் தேய்ச்சிக்கினே இருக்கேன், ஒண்ணுந் தெரியல தம்பி. உள்ள வந்து மோந்து பாரு. பொய் மட்டும் சொல்லாத."

முன்னறை, சமையலறை, பீரோவின் பின்பக்கம் என்று மோப்பம் பிடித்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லாதே என்றாரே என்று மிச்சத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"பெட்ரோல் வாசனை இல்லண்ணா. பூட்டிக் கெடந்த வூடு மாதிரி இருக்கு."

அவர் முகம் தொங்கிப்போனது. என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. அங்கேயே நின்று விழுப்புரத்துக்குப் போன் போட்டார்.

"ஜெசி, பெட்ரோல் நாத்தம் போயிடுச்சு. இப்ப ஆளில்லாத வூட்டு நாத்தம் அடிக்குதாம். அத எதப் போட்டுத் தேய்க்கறதுன்னு எனக்குத் தெரியல."

 அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஏதோ கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இல்ல, இன்னும் சாப்புடல. சரி, நீ வா, சேந்தே சாப்புடலாம்."