பொட்டில்லாமல் நின்ற பன்னிரண்டு பேர்

கடலோரத்தில் மலிவாகப் பேய்ப்படம் எடுப்பவர்களிடம் ஒரே கதைதான் இருக்கும். ஊருக்குள் ஒரு அந்நியன் வருவான், ஊர்க்காரர்கள் முறைத்துப் பார்ப்பார்கள், கடைசியில் அவனைக் கடல் பூதத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு படத்தில் நான் உதவி இயக்குநர். திருவையாற்றுப் பக்கம் பிறந்தவன் என்பதால் டெல்டா முழுக்க எனக்கு அத்துப்படி என்று நினைத்து, அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்துக்கு இயக்குநர் என்னை முன்னால் அனுப்பினார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கால் தண்ணீர்தான்.

அங்கே கடலில் அலையே கிடையாது. இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீர். "இது கடலாய்யா, ஏரியா?" என்று இயக்குநர் என் மேல் பாய்ந்தார். பூதத்தின் நிலைமை அதைவிட மோசம். ரப்பர் தோலுக்குள் அடைக்க எங்கள் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த வைக்கோல் இரண்டாம் நாளே ஊறி நாறியது. டிராக்டர் வைத்துத்தான் பூதத்தை இழுத்தோம். ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே கயிறு பிடித்தார்கள். படத்தில் கொலைகாரர்களாக வரப்போகிறவர்கள் அவர்கள்தான். மத்தியானம் எங்களுக்கு மீன்குழம்பு ஊற்றியவர்களும் அவர்கள்தான்.

கடைசிக் காட்சிக்குப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும். வெள்ளைப் புடவையில், பொட்டில்லாமல், கரையில் நின்று பூதத்தை அழைக்க வேண்டும். கணவரை இழந்தவர்கள் பதினொரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவதாக நான் கேட்டது, எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காவை.

அந்த அக்காவின் கணவர் எட்டு மாதத்துக்கு முன் படகோடு காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. இலங்கைப் பக்கம் பிடிபட்டு எங்கோ ஜெயிலில் இருப்பார் என்று அக்கா நம்பினார். இப்படிக் காணாமல் போனவருக்கு, மனைவி பொட்டை அழிக்காதவரை அந்த ஊரில் கருமாதி வைப்பதில்லை. வைத்து முடித்துவிடலாம் என்று கணவரின் அண்ணன் நெருக்கிக்கொண்டிருந்தார். அக்கா பிடிகொடுக்கவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லாதீங்க தம்பி."

"நடிப்புதானேக்கா. பின்னாடி நில்லுங்க, மொகமே தெரியாது. நான் பாத்துக்குறேன்."

மூன்று நாள் விடாமல் கேட்டேன். தன் கையால் சாப்பிட்ட பிள்ளை கெஞ்சுகிறானே என்று சம்மதித்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். கேமரா ஓடியதும் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கினார்கள். அக்கா கடலைப் பார்த்து அழ ஆரம்பித்தார். கட் சொன்ன பிறகும் அழுகை நிற்கவில்லை. இயக்குநர் கேமராவை அவர் முகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல ஷாட் என்று எனக்கும் தோன்றியது. அதற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பு.

படம் தியேட்டருக்கு வரவில்லை, யூடியூபில் வந்தது. முகப்புப் படத்தில் பூதத்துக்குப் பக்கத்தில் அக்காவின் வெறும் நெற்றி. ஒரே வாரத்தில் போன் வந்தது.

"தம்பி, பொட்டை அழிச்சிட்டேன்னு கருமாதிக்கு நாள் குறிக்கிறாங்க. அது நடிப்புன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சினிமாவுக்காக நான் கெஞ்சித்தான் பொட்டை அழித்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னேன். நம்பினார்கள். கணவரின் அண்ணன் மட்டும் போனை எடுத்து அந்தக் காட்சியை ஓட்டி என்னிடம் நீட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பொட்டு சரி தம்பி. இந்த அழுகையும் நீங்க சொல்லிக்குடுத்ததுதானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், அக்காவுக்குக் காத்திருக்க இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கும். படத்துக்காக எத்தனையோ பொய் சொன்னவன் நான். போனில் அந்த அழுகை ஓடிக்கொண்டே இருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டது. அக்காவும் எடுத்துக்கொண்டார்.